பத்துக்கு ஒன்பது

ஜனவரி 3. எடை 72.4

கம்பெனியில் இந்த வருடமும் டைரி கொடுத்தார்கள். அட்டையில் பம்ப் செட் படம், உள்ளே எந்த ஊரில் எந்த டீலர் என்று பத்துப் பக்கம். போன வருட டைரியில் என் மனைவி கோகிலா சமையல் குறிப்பு எழுதினாள். இந்த வருடம் எனக்கு வேண்டும் என்று பிடுங்கிக்கொண்டேன். சண்டை முடியும்வரை தினமும் எடையை எழுதச் சொல்லியிருக்கிறார் தேவசகாயம் மாஸ்டர்.

சண்டை மார்ச் 15, பெங்களூர். குத்தும் மல்யுத்தமும் கலந்த கூண்டுச் சண்டை, ஐந்து நிமிடமாக மூன்று சுற்று. அறுபத்தாறு கிலோவுக்குள் இறங்க வேண்டும். எதிராளி சாகேத் என்ற புனேக்காரன். வயது இருபத்து மூன்று, ஆறு சண்டை, ஆறிலும் ஜெயம். நான் முதன்முதலில் கூண்டுக்குள் போனபோது அவன் மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருப்பான்.

எனக்கு முப்பத்தெட்டு. டைரியில் எழுதலாம், ஜிம்மில் வாயைத் திறக்கக் கூடாது.

ஜனவரி 4. எடை 72.1

இன்று சனிக்கிழமை, பத்தடி.

எங்கள் ஜிம்மில் மட்டும் உள்ள வழக்கம் இது. வாரத்தில் ஒருநாள் ஒருவன் முகத்துக்குப் பத்துக் குத்து விடுவான். கையைத் தூக்கித் தடுக்காமல், தலையை மட்டும் விலக்கித் தப்ப வேண்டும். எத்தனை தப்பித்தோமோ அந்த எண்ணை மாஸ்டர் கரும்பலகையில் எழுதுவார். வேகம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல கருவி கிடையாது. எனக்கு இன்று பத்துக்கு ஒன்பது. குத்தியவன் ஹரிபிரசாத், பொள்ளாச்சிக்காரன், இருபத்து நாலு வயது. வியர்த்துப்போனான்.

“பாருங்கடா, இவனுக்கு முப்பதைத் தாண்டுச்சுன்னு எவனாவது சொல்லுவானா?” என்று மாஸ்டர் ஊருக்கே கேட்கும்படி கத்தினார். வயதை மறைக்க நான் பாடுபட்டால் இவர் பாராட்டியே காட்டிக்கொடுக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் கோகிலா, “எத்தனைங்க?” என்றாள். ஒன்பது என்றேன். “ஓ” என்று தோசைக்கல்லைத் திருப்பி வைத்தாள்.

அவள் கேட்பதற்குக் காரணம் உண்டு. போன ஜூனில் ஹைதராபாத்தில் அடிபட்டு விழுந்தேன். எழுந்த பிறகு போனில் இது எந்த ஊர் என்று அவளிடம் நாலு முறை கேட்டேனாம். எனக்கு ஞாபகமில்லை. திரும்பியதும் நேராக மருதமலைக்கு இழுத்துப்போனாள். படியில் வைத்துக் கையடித்துக் கொடுத்தேன்: பத்தடியில் ஆறுக்குக் கீழே போனால் அன்றோடு கையுறையைக் கழற்றிவிடுவேன். அதற்கப்புறம் ஆறு என்ன, எட்டுக்குக் கீழேகூட இறங்கவில்லை. நான் என்ன செய்வது?

ஜனவரி 11. எடை 71.6

பத்துக்கு ஒன்பது.

ஹரிக்கு வகுப்பு எடுத்தேன். இந்தக் காலத்துப் பயல்களுக்குத் தோள் மட்டும்தான் வருகிறது, இடுப்பு திரும்புவதே இல்லை. குத்து என்பது குதிகாலில் கிளம்பி இடுப்பில் திரும்பித் தோள் வழியாக வரவேண்டும். “என்னடா, பொண்ணு பார்க்க வந்தவன் மாதிரி கூச்சப்பட்டுக் குத்துற?” என்றேன். தலையைக் குனிந்துகொண்டு, “சரிங்ணா” என்றான். நல்ல பையன், சோம்பேறி.

ஜனவரி 17. எடை 72.9

நேற்றோடு பொங்கல் முடிந்தது. வேறென்ன சொல்ல.

ஜனவரி 22. எடை 71.3

வேலையில் சின்னத் தகராறு. நான் இருப்பது டெஸ்டிங் பிரிவு. மோட்டாரை ஓட்டி, தண்ணீர் எவ்வளவு உயரம் தள்ளுகிறது என்று கேஜ் பார்த்துக் குறிப்பது என் வேலை. இன்று ஒரு மோட்டாரின் தகட்டு எண்ணைத் தப்பாக எழுதிவிட்டேன். தகட்டில் இப்போதெல்லாம் எழுத்தை மிகவும் சிறிதாக அடிக்கிறார்கள். கோகிலா கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள், விஷயத்தைச் சொன்னதும் கைப்பையிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்து நீட்டினாள். “வெள்ளெழுத்துங்க. நாப்பது வந்தா எல்லாருக்கும் வர்றதுதான்.” எனக்கு நாற்பது ஆகவில்லை என்றேன். டிராயரில் போட்டுவிட்டேன்.

ஜனவரி 30. எடை 70.8

போன வாரம் முழங்கையில் பட்ட அடி இன்னும் வீங்கியிருக்கிறது. முன்பெல்லாம் மூன்றே நாளில் சரியாகிவிடும். மழை பெய்கிற மாதிரி இருக்கிறது, அதனாலாக இருக்கும்.

பிப்ரவரி 1. எடை 70.5

பத்துக்கு ஒன்பது. கோகிலாவிடம் சொன்னபோது அவள் முகம் ஏனோ வாடியது. புருஷன் இந்த வயதில் இப்படி இருப்பதற்கு வேறொருத்தியாக இருந்தால் சுற்றிப் போடுவாள்.

பிப்ரவரி 8. எடை 70.1

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஹரி அக்கா கல்யாணத்துக்குப் பொள்ளாச்சி போய்விட்டான். மாஸ்டர் வெளியே போன் பேசிக்கொண்டிருந்தார். ஈரோட்டிலிருந்து போன வாரம் சேர்ந்த இம்ரான் என்ற பையனைக் கூப்பிட்டு, பத்தடி போடு என்றேன். மற்ற பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

முதல் குத்து மூக்கில் விழுந்தது. இரண்டாவது கன்னத்தில். மூன்றாவதைத் தப்பித்தேன். பிறகு எண்ணவில்லை, யாரோ எண்ணினார்கள். தப்பித்தது மூன்று.

மாஸ்டர் ஓடி வந்தார். “இவன யாருடா எறக்குனது? ஒருத்தனும் சொல்லலியா இவன்கிட்ட?”

“என்ன சொல்லணும் மாஸ்டர்?” என்றேன்.

“புதுசு கண்ணு. மொறை தெரியாதவன். அதத்தான் சொன்னேன்.” பலகையில் எண்ணை எழுதவில்லை.

இம்ரான் இடதுகைக்காரன். இடதுகைக்காரனோடு எனக்கு எப்போதுமே சரிவராது. காலையில் சரியாகச் சாப்பிடவும் இல்லை. கோகிலாவிடம் இந்த வாரம் பத்தடி நடக்கவில்லை என்றேன்.

பிப்ரவரி 9. எடை 69.9

இம்ரான் சோற்றுக்கையால்தான் தண்ணீர் பாட்டிலைத் திறக்கிறான். கையெழுத்தும் வலது கையால்தான்.

பிப்ரவரி 12. எடை 69.6

தாராபுரத்திலிருந்து ஒரு மோட்டார் திரும்பி வந்தது. தண்ணீர் ஏறவே இல்லை என்று புகார். எங்கள் ரிப்போர்ட்டில் எல்லாம் சரி என்று இருக்கிறது, கீழே என் கையெழுத்து. ஓட்டிப் பார்த்தேன், கேஜ் நல்லபடியாகத்தான் காட்டியது. மோட்டாரை நிறுத்தினேன். கேஜ் முள் அதே இடத்தில் நின்றது. அணைத்த மோட்டாருக்கும் அதே அழுத்தம்! முள் எப்போதோ சிக்கிக்கொண்டிருக்கிறது. நல்ல எண்ணைக் காட்டியதால் ஒருவனும் சந்தேகப்படவில்லை, நான் உட்பட.

பெஞ்சிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். டீ ஆறிப்போனது.

பிப்ரவரி 13. எடை 69.6

ஹரியைப் பேக்கரிக்குக் கூட்டிப்போனேன். இரண்டு டீ, அவனுக்கு ஒரு தேங்காய் பன். பன்னைப் பிய்த்துப் பிய்த்து வைத்தானே தவிர வாயில் போடவில்லை. கேட்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

“மாஸ்டர்தானுங்ணா சொன்னாரு. அண்ணனுக்குக் கை பாதிதான் போகோணும்னு. தோளு வரலாம், இடுப்பு திரும்பக் கூடாதுன்னு.”

“எப்பயிருந்து?”

“நா சேரும்போதே அப்படித்தானுங்ணா இருந்துச்சு.”

“நீ சேந்து எத்தன நாளாச்சு?”

“ரெண்டு வருசமுங்ணா.”

ரெண்டு வருடம். நூறு சனிக்கிழமை. பதினைந்து பையன்கள் வரிசையில் நின்று வேடிக்கை பார்க்க, நான் நடுவில் நின்று தலையை ஆட்டி ஆட்டி ஒன்பது வாங்கியிருக்கிறேன். அதற்கு மேல் இடுப்பைத் திருப்பச் சொல்லி வகுப்பு வேறு! அந்தப் பையன் தலைகுனிந்தது வெட்கத்தால் என்று நினைத்தேனே. எனக்காக வெட்கப்பட்டிருக்கிறான்.

பிப்ரவரி 15. எடை 69.2

விடிந்ததும் ஜிம்முக்குப் போனோம், நானும் ஹரியும் மட்டும். முழுக்கையும் போடு, இடுப்பு திரும்பவில்லை என்றால் இனி என் முகத்தில் முழிக்காதே என்றேன். கண் கலங்கினான், ஆனால் போட்டான். வித்தியாசம் அப்போதுதான் தெரிந்தது. இடுப்பு திரும்பினால் குத்து வருவது தெரிகிறது, வந்து சேர்ந்ததும் தெரிகிறது. நடுவில் நகர நேரம் இல்லை.

பத்துக்கு மூன்று. இந்தத் தடவை நானே எண்ணினேன்.

எட்டு மணிக்கு மாஸ்டர் வந்தார். என் உதட்டைப் பார்த்தார், ஹரியைப் பார்த்தார், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பதினாறு வருடம் சண்டைக்குச் சண்டை என் மூலையில் நின்ற மனிதர். உடைந்த மூக்கைத் தன் இரண்டு விரலால் நேராக்கியவர். அவர் ‘எழுந்திரு’ என்றால் எழுவேன், அவர் துண்டை வீசினால் சண்டையை விடுவேன். அப்படி இருந்தவன் நான்.

“ஏன் மாஸ்டர்?”

“நீ வெளிய போயிட்டா இந்தப் பசங்க யாரப் பாத்து வருவாங்க கண்ணு? வாசல்ல உன் படந்தான இருக்கு.”

“அது சரி. பெங்களூர் சண்டைக்கு எதுக்கு கையெழுத்துப் போட வெச்சீங்க? ஒம்பது பொய்யின்னு தெரிஞ்சே?”

விஷயத்தைச் சொன்னார். சாகேத்தின் ஆட்கள் பெங்களூரில் பெரிய ஜிம் திறக்கிறார்கள். தலைமைப் பயிற்சியாளராக மாஸ்டரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். சாகேத்துக்கு, நாலு பேருக்குத் தெரிந்த ஒரு பெயரை அடித்தோம் என்று காட்ட வேண்டும். அந்தப் பெயர்தான் நான்.

“பெரிய மேடையில உனக்கும் ஒரு நல்ல முடிவு கெடைக்கட்டும்னு நெனச்சேன்டா” என்றார். பொய்யென்று தெரிந்தே சொல்லியிருந்தால் அடித்திருப்பேன். அவரே அதை நம்புகிறார் என்று தெரிந்ததும் கை எழவில்லை. கூட இருந்தே குழி பறிப்பது என்பார்கள். இவர் குழியைப் பறித்து, பூவும் தூவி வைத்திருக்கிறார்.

என் மூலைக்கு இனி அவர் வரக் கூடாது, ஹரி போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கோகிலா கேட்டாள், “எத்தனைங்க?”

“ஒம்பது” என்றேன்.

பிப்ரவரி 16. எடை 69.0

நேற்று எழுதியதைப் படித்தேன். கோகிலா விஷயம் வேறு. அது பொய் இல்லை, ஒரு மாதம் தள்ளிச் சொல்லப்போகும் உண்மை. ஒன்பது என்று நம்பிப் போகிறவன் முட்டாள். மூன்று என்று தெரிந்து போகிறவனுக்குத் திட்டம் இருக்கிறது. வேகம் இல்லாதவன் தூரத்தில் நிற்கக் கூடாது. ஒட்டிக்கொள்ள வேண்டும், கம்பிவலையோடு சேர்த்து அழுத்த வேண்டும், மூச்சுவிட விடக் கூடாது. அந்த வித்தைக்கு வயது தேவை. அது என்னிடம் இருக்கிறது, அதுவும் நிறைய.

மாஸ்டருக்கும் அந்தப் புனேக்காரனுக்கும் காட்டாமல் விடப்போவதில்லை.

பிப்ரவரி 22. எடை 68.4

ஹரியோடு தினமும் கட்டிப்புரண்டேன். உடம்பில் வலிக்காத இடம் காது மடல்தான். கோகிலாவிடம் ஒன்பது.

மார்ச் 1. எடை 67.9

ஒன்பது என்றேன். அவள் தலையைத் தூக்காமல் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

மார்ச் 8. எடை 67.7

இந்த வாரம் அவள் கேட்கவே இல்லை. நல்லதாகப் போயிற்று.

மார்ச் 13. எடை 66.9

முன்பு மூன்றே நாளில் ஐந்து கிலோ இறக்குவேன். இப்போது ஒரு கிலோவுக்கு உயிர் போகிறது. நாக்கு செருப்புத்தோல் மாதிரி இருக்கிறது. கோகிலா தானும் பெங்களூர் வருவதாகச் சொல்லிவிட்டாள். எப்போதும் வரமாட்டாள்.

மார்ச் 14. எடை 65.7. பெங்களூர்

தேறிவிட்டேன். தராசில் நின்றபோது சாகேத் பக்கத்தில் நின்றான். முகத்தில் ஒரு தழும்புகூட இல்லை. கையைக் குவித்து வணக்கம் சொன்னான். மாஸ்டர் அவர்கள் கூட்டத்தோடு நின்றுகொண்டு என் பக்கம் பார்க்காமல் இருந்தார்.

மத்தியானம் கோகிலா ஒரு மணி நேரம் அறையில் இல்லை. கேட்டதற்குப் பூ வாங்கப் போனேன் என்றாள். கையில் பூ இல்லை. தீர்ந்துவிட்டதாம்.

மார்ச் 17. கோயம்புத்தூர்

இரண்டு நாள் எழுதக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஸ்கேனில் ஒன்றுமில்லை. இது எந்த ஊர் என்று யாரிடமும் கேட்கவில்லை.

முதல் சுற்று நான் நினைத்தபடியே போனது. மணி அடித்ததும் உள்ளே புகுந்து ஒட்டிக்கொண்டேன். அவனைக் கம்பிவலையில் அழுத்திப் பிடித்தேன். அவன் குத்துகள் என் தலையை உரசிக்கொண்டு போயின. கூட்டம் என் பெயரைக் கத்தியது. மூலைக்கு வந்தபோது ஹரி தண்ணீர் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு அழுகை வந்தது, அவ்வளவு சந்தோஷம். முப்பத்தெட்டாவது, மண்ணாங்கட்டியாவது என்று நினைத்தேன்.

இரண்டாவது சுற்றில் மூச்சு போய்விட்டது. பிடி நழுவி விலகி நின்றேன், கைகள் தானாகத் தாழ்ந்தன. அந்த இடத்தில் எவனாக இருந்தாலும் முடித்திருப்பான். சாகேத்தின் வலது கை வந்தது. தலையை விலக்கினேன், தப்பித்தேன். மறுபடி வந்தது, மறுபடியும் தப்பித்தேன். அப்போதுதான் கீழே பார்த்தேன்.

தோள் வருகிறது. இடுப்பு திரும்பவில்லை.

ஆயிரம் பேர் கைதட்டிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு மட்டும் ஜிம்மின் சனிக்கிழமை தெரிந்தது. இங்கேயுமா? கூண்டுக்குள், விளக்கு வெளிச்சத்தில், என் எதிராளியிடமுமா போய்ச் சொல்லி வைத்திருக்கிறார்கள்? பயமாக இல்லை. அவமானத்தில் உடம்பு எரிந்தது.

மூன்றாவது சுற்று தொடங்கியதும் ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டேன். காதோடு காதாக, முழுசாக அடி தம்பி என்று எனக்குத் தெரிந்த நாலு வார்த்தை இந்தியில் சொன்னேன்: “பூரா மார், பாய். பூரா.”

அவன் என்னைத் தள்ளி நிறுத்திப் பார்த்தான். பையனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நான் தலையை ஆட்டினேன். அவன் உதட்டை மடித்துக்கொண்டான்.

இடுப்பு திரும்பியது. அந்தக் குத்து கிளம்பியதிலிருந்து கடைசிவரை பார்த்தேன். எந்தப் பக்கம் விலக வேண்டும் என்றும் தெரிந்தது. விலகத்தான் முடியவில்லை.

கண்ணைத் திறந்தபோது முதலில் என் பக்கத்தில் மண்டியிட்டிருந்தவன் அவன்தான். நெற்றியில் கைவைத்து என்னவோ சொன்னான். புரியவில்லை.

மார்ச் 18

மாஸ்டர் வந்தார், ஆரஞ்சுப் பழத்தோடு. உள்ளே விடவில்லை. வாசலில் நின்றே, “நீதான கேட்டு வாங்கிக்கிட்ட? அவன் புள்ளிக் கணக்குல ஜெயிச்சு உன்ன நிக்க வெச்சே அனுப்பறேன்னு வாக்குக் குடுத்திருந்தான்” என்றார். யாரைக் கேட்டு வாக்கு வாங்கினீர்கள் என்று கத்தினேன். அவர் என்னைத் தாண்டி உள்ளே பார்த்தார். பழத்தைப் படியில் வைத்துவிட்டுப் போனார்.

திரும்பினேன். கோகிலா சமையலறை நிலையில் சாய்ந்து நின்றாள்.

“நாந்தானுங்க கேட்டேன்.”

பெங்களூரில் பூ வாங்கப் போன ஒரு மணி நேரம் அது. மாஸ்டரையும் சாகேத்தையும் ஹோட்டல் வரவேற்பறையில் உட்கார வைத்துக் கெஞ்சியிருக்கிறாள். உயிரோடு திருப்பிக் கொடுங்கள் என்றாளாம்.

என்ன பேசினேன் என்று முழுக்க எழுத மாட்டேன். இருந்த கோபத்தையெல்லாம் கொட்டினேன். மாஸ்டர் ஏமாற்றினார், ஹரி ஏமாற்றினான், பதினைந்து பயல்களும் ஏமாற்றினார்கள், எதிராளிகூட ஏமாற்றினான், கடைசியில் கட்டினவளும் சேர்ந்துகொண்டாள், இந்த உலகத்தில் என்னிடம் உண்மை பேச ஒருத்தர்கூடக் கிடையாதா என்று கேட்டேன். பக்கத்து வீட்டில் டிவியை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

அவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்:

“பிப்ரவரி பதினஞ்சாந் தேதி ஒதடு கிழிஞ்சு வந்தீங்க. எத்தனைன்னு கேட்டேன். என் மூஞ்சியப் பாக்காம ஒம்பதுன்னீங்க. அன்னிக்கே ஹரிக்குப் போன் போட்டுட்டேனுங்க. அடுத்த வாரமும் கேட்டேன், அதுக்கடுத்த வாரமும் கேட்டேன். மூணுன்னு உங்க வாயால வந்துராதான்னு கேட்டேன்.”

“தெரிஞ்சா ஏன் நிறுத்தல?”

“மருதமலையில கையடிச்சுக் குடுத்தது நீங்க. நீங்கதான நிறுத்தோணும்?”

உள்ளே போய்விட்டாள். குக்கர் விசில் அடித்தது. யாரும் அணைக்கவில்லை.

மார்ச் 20

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

மார்ச் 22

இன்று சனிக்கிழமை. எடை பார்க்கவில்லை.

டிராயரிலிருந்து அந்தக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு டைரியை முதலிலிருந்து படித்தேன். ஜனவரியில் என் எழுத்து பொடிப்பொடியாக வரிக்குள் அடங்கி நிற்கிறது. வரவர ஒரு வரியை விட்டு மறுவரிக்கு வழிகிறது. பிப்ரவரி கடைசியில் பள்ளிக்கூடப் பையன் எழுதிய மாதிரி பெரிது பெரிதாக இருக்கிறது. நான்தான் எழுதியிருக்கிறேன், எனக்கு இது தெரியவில்லை.

பிப்ரவரி 16ஆம் தேதியையும் படித்தேன். ஒரு மாதம் தள்ளிச் சொல்லப்போகும் உண்மையாம். மாஸ்டர்கூட இவ்வளவு அழகாகச் சொல்லவில்லை.

கோகிலா கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். செருப்பை மாட்டும்போது, பழக்கத்தில்தான் கேட்டிருப்பாள், கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்:

“எத்தனைங்க?”

“மூணு” என்றேன்.

ஒரு காலில் செருப்போடு வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள்.